அண்ணல் வேலை தேடிய ஆண்டுகள்

கல்லூரி விண்ணப்பம் போடும் காலம் வந்தால் நம் காலனித் தெருக்களில் ஒரு கேள்வியும் கூடவே வந்துவிடும். பக்கத்து வீட்டுப் பையன் பி.காம். முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் துணி மடிக்கிறான். எதிர்வீட்டுப் பெண் எம்.எஸ்சி. முடித்துவிட்டு விடியற்காலையில் நூற்பாலை வேனில் ஏறுகிறாள். இத்தனை வருடம் செலவழித்து என்ன கண்டோம் என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். நகையை அடகு வைத்துப் படிக்க வைத்தவர்களுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. கல்விதான் அழியாச் செல்வம் என்று மேடையில் பேசிவிட்டு இறங்கிப் போகிறவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

அதே தெருமுனையில் அண்ணல் அம்பேத்கர் சிலையாக நிற்கிறார். கையில் புத்தகம். பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகத்தைக் காட்டுகிறோம். எத்தனை பட்டம் வாங்கினார் என்று ஒப்பிக்க வைக்கிறோம். அந்தப் பட்டங்களை வைத்துக்கொண்டு அவர் எங்கே வேலை கேட்டார், எங்கே துரத்தப்பட்டார், மாதம் எவ்வளவு சம்பாதித்தார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். இந்த வாரம் அந்தக் கதையைச் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் என்னும் இராணுவக் குடியிருப்பு ஊரில் பிறந்தவர் பீமராவ். தந்தை ராம்ஜி சக்பால், படையில் சுபேதார். இராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். மகர் சாதியில் ஒரு தலைமுறைக்கு எழுத்தறிவு கிடைத்ததற்குப் பிரிட்டிஷ் படைதான் காரணம். பின்னாளில் அந்தப் படையே மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. அதனால் ராம்ஜிக்குக் கிடைத்த வேலை அவர் பிள்ளைகளுக்குக் கிடைக்க வழியில்லை. ஓய்வூதியத்தில் குடும்பம் ஓடியது. பம்பாயில் ஒற்றை அறை வாழ்க்கை. மகன் ஏதாவது புத்தகம் கேட்டால், ராம்ஜி கட்டிக்கொடுத்த மகள்களின் வீட்டுக்குப் போய்க் கடன் கேட்பார். பணம் இல்லையென்றால் அவர்கள் நகையைக் கழற்றிக் கொடுப்பார்கள். அது அடகுக் கடைக்குப் போகும். நம் வீடுகளில் நடப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்து 1907-இல் மெட்ரிக் தேறினார். மொத்தம் 750 மதிப்பெண்ணுக்கு 282. மதிப்பெண் குறைந்தால் பிள்ளைகளைத் திட்டித் தீர்க்கும் பெற்றோர் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டவருக்கு அது மறுக்கப்பட்டு, பாரசீகம்தான் கிடைத்தது. ஆனாலும் தீண்டப்படாத வகுப்பிலிருந்து ஒருவர் மெட்ரிக் தேறியதே அன்று பெரிய செய்தி. பாராட்டுக் கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு வந்த ஆசிரியர் கேலுஸ்கர்தான் பின்னர் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அவரை அழைத்துப் போனவர். மன்னர் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கொடுத்தார். அந்தப் பணத்தில்தான் 1912-இல் பி.ஏ. முடிந்தது. பாடம், பொருளாதாரமும் அரசியலும்.

பட்டம் கையில் வந்ததும் அவர் பரோடா அரசுப் பணிக்குப் போனார். தந்தைக்கு அதில் அவ்வளவு விருப்பம் இல்லை. பரோடா எப்படிப்பட்ட ஊர் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே தந்தை படுத்துவிட்டார் என்று செய்தி வந்தது. 1913 பிப்ரவரி 2 அன்று ராம்ஜி இறந்தார். மகன் சம்பாதித்துக் கொடுத்து அவர் உட்கார்ந்து சாப்பிடக் கொடுத்து வைக்கவில்லை.

அந்த ஆண்டே மன்னர் தம் செலவில் மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்ப முடிவு செய்தார். பீமராவுக்கு மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. படித்து வந்த பிறகு பத்து ஆண்டுகள் பரோடா அரசுக்கு வேலை செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறினார். அதாவது, நம் பிள்ளைகளுக்கு இல்லாத ஒன்று அவருக்கு இருந்தது. படிப்புக்கு முன்பே வேலை உறுதி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம். 1915-இல் எம்.ஏ. அடுத்த ஆண்டு இந்தியச் சாதிகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார், முனைவர் பட்டத்துக்கான ஆய்வையும் எழுதினார். பிறகு இலண்டன் போய்ப் பொருளியல் பள்ளியிலும், பாரிஸ்டர் படிப்புக்கான கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். அந்தப் படிப்புகள் பாதியில் இருக்கும்போதே உதவித்தொகைக் காலம் முடிந்து, 1917-இல் திரும்பி வரும்படி ஆயிற்று. உலகப் போர் நடந்த நேரம். அவருடைய பெட்டிகளை ஏற்றி வந்த கப்பல் தாக்கப்பட்டுக் கடலில் மூழ்கியது. அதற்குக் கிடைத்த நட்டஈட்டில்தான் பரோடா பயணச் செலவே நடந்தது.

அப்போது அவருக்கு வயது 26. கொலம்பியாவில் படித்துத் தேறிய பொருளாதார அறிஞர். மன்னரே அழைத்திருக்கிறார். நாளைக்கு நிதி அமைச்சராக்கும் எண்ணமும் அரண்மனைக்கு உண்டு. இதைவிட உறுதியான வேலை யாருக்குக் கிடைக்கும்?

பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியதும் எழுந்த முதல் கேள்வி, எங்கே தங்குவது என்பதுதான். இந்து விடுதிகளில் இடம் கிடைக்காது. பெயரை மாற்றிச் சொல்லிச் சேரலாம். ஆனால் தெரிந்தவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள், பிடிபட்டால் விபரீதம். வெளிநாட்டில் உடன் படித்த நண்பர்களிடம் போகலாமா என்று யோசித்தார், அங்கும் சங்கடமாகிவிடுமோ என்று தயங்கினார். கடைசியில் ஒரு பார்சி விடுதிக்குப் போனார். பார்சிகள் மட்டுமே தங்கலாம் என்பது விதி. விடுதிக் காப்பாளருக்கு வருமானம் இல்லாத நேரம். பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொண்டு, நாளுக்கு ஒன்றரை ரூபாய் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்.

மாடியில் ஒரு சின்ன அறை. பக்கத்தில் பெரிய கூடம், முழுக்கத் தட்டுமுட்டுச் சாமான்கள். மின்விளக்கு கிடையாது. இரவில் ஓர் அரிக்கேன் விளக்கு மட்டும். வௌவால்கள் பறக்கும். பேச ஆள் கிடையாது. நியூயார்க் நூலகத்தில் உட்கார்ந்து படித்தவர், சொந்த நாட்டில் பெயரை மறைத்துக்கொண்டு அந்த இருட்டில் புத்தகம் படித்தார். அலுவலகத்தில் அதற்கு மேல். எழுத்தர்களும் ஏவலர்களும் கோப்புகளை அவர் மேசைமேல் தூக்கி எறிந்தார்கள், கை பட்டுவிடக் கூடாதாம். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. அவர்கள் படித்த படிப்பு என்ன, வாங்கிய சம்பளம் என்ன? அந்த அலுவலகத்தின் கடைசி நிலை ஊழியரும் சாதியில் தன்னை அவருக்கு மேலே என்று நினைத்தார்.

பதினோராம் நாள் காலை அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு டஜன் பார்சிகள் கையில் தடியுடன் படியேறி வந்தார்கள். யார் நீ என்று கேட்டார்கள். விடுதியைத் தீட்டுப்படுத்திவிட்டாய், மாலைக்குள் காலி செய், இல்லையென்றால் நடப்பதே வேறு என்று மிரட்டிவிட்டுப் போனார்கள். அன்று அவர் இரண்டு நண்பர்களிடம் போய் இடம் கேட்டார். ஒருவர் இந்து. நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்னொருவர் கிறித்தவர். மனைவி ஊரில் இல்லை, வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அந்தக் குடும்பம் முன்பு பார்ப்பனக் குடும்பமாக இருந்து மதம் மாறியது என்பதும், அந்தப் பதிலின் பொருள் என்ன என்பதும் அவருக்குப் புரிந்தது. பம்பாய் ரயில் இரவு 9 மணிக்கு. அதுவரை காமாத்திபாக் என்னும் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணி நேரம். அங்கே அழுததைப் பின்னாளில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

பத்து ஆண்டு ஒப்பந்தம் அங்கேயே முடிந்தது. அவரிடம் பட்டம் இருந்தது, வேலை இருந்தது, மன்னரின் ஆதரவும் இருந்தது. வாடகைக்கு ஒரு வீடு இல்லாததால் அந்த வேலை போயிற்று. இன்று சென்னைக்கோ கோவைக்கோ வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் வீட்டுக்காரர் சுற்றி வளைத்து என்ன சாதி என்று கேட்கும்போது, இது வேலைக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். வேலைவாய்ப்பில் பாதி, இருப்பிடத்தில் இருக்கிறது.

பம்பாய்க்கு வந்தார். வீட்டில் மனைவி ரமாபாய், சின்னக் குழந்தை, அண்ணன் குடும்பம். டியூஷன் எடுத்தார். பங்குச் சந்தை பற்றி ஆலோசனை சொல்லும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆலோசனை நன்றாக இருந்ததால் ஆட்கள் வந்தார்கள். ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் நின்றுவிட்டார்கள். கடையை மூட வேண்டியதாயிற்று. அவர் சொன்ன கணக்கு நேற்றுவரை சரியாக இருந்தது, ஒரே நாளில் எப்படித் தப்பாகிப் போனது என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வேலையில்லாக் காலத்தை ஒட்டித்தான் 1918-இல் இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றிய கட்டுரை வெளிவந்தது. கிராமத்தில் இருக்கும் நமக்கு இது முக்கியம். நிலம் துண்டு துண்டாகக் கிடப்பதுதான் வறுமைக்குக் காரணம், துண்டுகளைச் சேர்த்துவிட்டால் போதும் என்று அன்றைய நிபுணர்கள் சொன்னார்கள். அம்பேத்கர் வேறு இடத்தில் விரல் வைத்தார். நிலத்தை நம்பி இருப்பவர்கள் தேவைக்கு மேல் அதிகம். உழைக்கக் கை இருக்கிறது, வேலை இல்லை. தொழில்கள் வந்து அந்தக் கைகளை எடுத்துக்கொண்டால்தான் விவசாயமும் தேறும். படித்துவிட்டு வயலுக்குப் போக மறுக்கிறான் என்று பிள்ளைகளைக் குறை சொல்வோர் உண்டு. வயலில் அவனுக்கு வேலையும் இல்லை, நம்மில் பெரும்பாலோருக்கு வயலும் இல்லை.

1918 நவம்பரில் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் வேலை கிடைத்தது. தற்காலிகப் பணி, சம்பளம் மாதம் 450 ரூபாய். அன்றைக்கு அது பெரிய தொகை. பட்டத்தால் என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு இங்கே நேரான பதில் இருக்கிறது. கொலம்பியாப் படிப்பு இல்லாமல் இந்த வேலைக்கு அவர் விண்ணப்பமே போட்டிருக்க முடியாது. முதலில் மாணவர்கள் அலட்சியமாக இருந்தார்கள். பாடம் நடத்தத் தொடங்கியதும் மற்றக் கல்லூரி மாணவர்களும் அனுமதி வாங்கி வந்து கேட்டார்கள். பேராசிரியர்கள் அறையில் மட்டும் நிலைமை வேறு. அங்கிருந்த தண்ணீர்ப் பானையில் அவர் மொண்டு குடிக்கக் கூடாது என்று சில பேராசிரியர்கள் தடை சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே வேலைதான், பானை மட்டும் ஒன்றாக இருக்கக் கூடாது என்றார்கள்.

450 ரூபாயில் அவர் வீட்டுச் செலவுக்கு அளந்து கொடுத்துவிட்டு மீதியைச் சேர்த்து வைத்தார். பாதியில் நின்ற இலண்டன் படிப்பு மனதில் இருந்தது. 1920-இல் வேலையை விட்டார். சேமிப்போடு, நண்பர் நவல் பாத்தேனா கொடுத்த கடனும் கோலாப்பூர் மன்னர் சாகுவின் உதவியும் சேர்ந்து கப்பலேறினார். கைநிறையச் சம்பளம் வரும் வேலையை விட்டுவிட்டு மறுபடி படிக்கப் போகிறேன் என்று நம் வீட்டில் ஒருவர் சொன்னால் என்ன நடக்கும்? ரமாபாய் என்ன பாடுபட்டிருப்பார் என்பதை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். அவர் இல்லாத நாட்களில் அந்தக் குடும்பத்தைச் சுமந்தவர் அந்த அம்மையார்தான். அண்ணலின் பட்டங்களில் அவருக்குப் பாதிப் பங்கு உண்டு என்று சொன்னால் மிகையாகாது.

இலண்டனில் அரைவயிறும் கால்வயிறுமாக நூலகமே கதி என்று கிடந்து 1921-இல் எம்.எஸ்சி., 1922-இல் பாரிஸ்டர், 1923-இல் ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்சி. என்று முடித்தார். கொலம்பியாவின் முனைவர் பட்டம் தனிக்கதை. ஆய்வை அச்சிட்டுப் பிரதிகளை ஒப்படைத்தால்தான் பட்டம் என்பது அங்கே விதி. ஆய்வு நூல் 1925-இல்தான் அச்சானது, பட்டம் 1927-இல் வந்தது. இன்று ஆராய்ச்சி மாணவர்கள் கடைசிக் கட்டணம் கட்ட முடியாமல் இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போது நமக்கு இது நினைவுக்கு வரும்.

1923-இல் திரும்பி வந்து பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்காடப் பதிவு செய்தார். பதிவுக் கட்டணத்துக்குக்கூடப் பாத்தேனாதான் பணம் கொடுத்தார். இந்தியாவில் அப்படியான பட்டங்கள் வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனால் அந்த நீதிமன்றத்தில் பாரிஸ்டருக்கு வழக்கு நேராக வராது. சொலிசிட்டர்கள் மூலமாகத்தான் வரும். அவர்கள் தமக்குத் தெரிந்த, தம் வட்டத்து ஆட்களுக்கே வழக்குக் கட்டைக் கொடுத்தார்கள். அம்பேத்கருக்கு வந்தவை பெரும்பாலும் வெளியூர் நீதிமன்ற வழக்குகளும் ஏழைகளின் வழக்குகளும். வருமானம் போதவில்லை. 1925 முதல் 1928 வரை பாட்லிபாயின் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதிநேரமாக வணிகச் சட்டம் சொல்லிக் கொடுத்தார். மாதம் 200 ரூபாய். முன்பைவிடப் பட்டங்கள் கூடியிருந்தன. உறுதியாக வந்த மாதச் சம்பளமோ சைடன்ஹாமில் வாங்கியதில் பாதியைத் தொடவில்லை.

குடியிருந்தது பரேலில் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்பில். அந்த ஆண்டுகளில் அவருடைய நான்கு குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். கடைசி மகன் ராஜரத்னா போனது 1926-இல். ஐந்து பிள்ளைகளில் யஷ்வந்த் ஒருவர்தான் மிஞ்சினார்.

பட்டம் இல்லாதவர்கள் கதை என்ன என்பதையும் அந்தப் பரேல் பகுதியிலேயே பார்த்துவிடலாம். சுற்றிலும் பருத்தி ஆலைகள். ஆலைகளில் தீண்டப்படாதவர்கள் வேலை செய்தார்கள், ஆனால் நெசவுப் பிரிவில் கிடையாது. அங்கேதான் கூலி அதிகம். நாடாவில் நூல் கோக்கும்போது வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது. தீண்டப்படாதவர் வாய் பட்டதில் நாங்கள் வாய் வைப்பதா என்று மற்றத் தொழிலாளர்கள் தடுத்தார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதை எழுப்பினார். தொழிற்சங்கத் தலைவர்களுக்கு அது பிடிக்கவில்லை. கூலியை உயர்த்தச் சொல்கிறீர்கள், உயர்ந்த கூலி உள்ள வேலையை எங்களுக்குத் திறப்பீர்களா என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். பாரிஸ்டருக்கு சொலிசிட்டர் அறை, ஆலைத் தொழிலாளிக்கு நெசவுப் பிரிவு. இரண்டிலும் வாசலில் நின்றது ஒன்றுதான்.

நூறு வருடத்துக்கு முந்தைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாளிதழ்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. எல்லாம் தனியார் நிறுவனங்கள், பட்டதாரிகள் கேட்கும் வேலைகள். ஒரே தகுதி உள்ள விண்ணப்பங்களில் பெயரை மட்டும் மாற்றினார்கள். உயர்சாதிப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு இருந்ததைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. முஸ்லிம் பெயருக்கு அதைவிடக் குறைவு. நேர்முகத் தேர்வுக்குப் போய் முகத்தைக் காட்டுவதற்கு முன்பே நடந்தது இது.

அம்பேத்கரின் வருமானம் பின்னர் உயர்ந்தது. 1926-இல் பார்ப்பனரல்லாத தலைவர்கள் மீது பூனாவில் போடப்பட்ட அவதூறு வழக்கில் வாதாடி வென்றது வக்கீலாக அவருக்குப் பெயர் கொடுத்தது. 1935-இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வரானார். தாதரில் ராஜகிருகம் என்ற வீட்டைக் கட்டினார், அதுவும் புத்தகங்களுக்காக. ஆனால் தனக்குக் கிடைத்ததோடு அவர் கணக்கை முடித்துக்கொள்ளவில்லை. பட்டத்துக்கும் சம்பளத்துக்கும் நடுவே என்னவெல்லாம் நிற்கிறது என்பதைத் தன் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். கையில் அதிகாரம் வந்தபோது அந்த ஒவ்வொன்றின் மீதும் கை வைத்தார்.

1934-இல் இந்திய அரசு தன் பணிகளில் முஸ்லிம்களுக்கு 25 விழுக்காடும், மற்றச் சிறுபான்மையினருக்கு எட்டேகாலுக்குச் சற்று மேலும் ஒதுக்கியது. தீண்டப்படாத வகுப்பினருக்கு விழுக்காடு எதுவும் இல்லை. போதுமான படிப்புள்ளவர்கள் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். படிக்க விடாதவர்களே படித்தவர் இல்லை என்று சொன்னார்கள். 1942-இல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அந்த ஆண்டு அக்டோபரிலேயே பட்டியல் சாதியினரின் குறைகளை ஒரு மனுவாக எழுதி வைஸ்ராயிடம் கொடுத்தார். அதில் வேலையையும் படிப்பையும் அவர் பிரித்துக் கேட்கவில்லை. பணிகளில் பங்கு வேண்டும், அதற்குத் தகுதியானவர்களை உருவாக்க அரசுப் பணம் வேண்டும், அதுவும் வெறும் கலைப் படிப்புக்கு அல்லாமல் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க வேண்டும், சிலரை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார். எந்தப் படிப்புக்கு எங்கே வேலை இருக்கிறது என்று பார்த்துக் கேட்ட கணக்கு அது. கல்லூரியில் எந்தப் பாடத்தில் இடம் காலியாக இருக்கிறதோ அதில் பிள்ளையைத் தள்ளிவிடும் நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

1943 ஆகஸ்டில் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. 1946-இல் அது 12.5 ஆனது. 1944-இல் மெட்ரிக் தாண்டிய படிப்புக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. இந்த மாதம் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு இ-சேவை மையத்தின் வரிசையில் நிற்கும் நம் மாணவர்கள் விண்ணப்பிப்பது அந்தத் திட்டத்துக்குத்தான். பணம் தாமதமாக வருகிறது, கல்லூரி அதுவரை பொறுப்பதில்லை என்பது நமக்கும் தெரியும். அதற்காகப் போராட வேண்டியிருக்கிறது. விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டால் போராடவும் வழியில்லை.

1945-இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. காலையில் வகுப்பு முடிந்தால் பகலில் வேலைக்குப் போகலாம் என்று ஏற்பாடு. வேலைக்குப் போகாமல் படிக்க முடியாத பிள்ளைகளை அவருக்குத் தெரிந்திருந்தது. 1950-இல், நிஜாம் ஆட்சியில் கல்வியே எட்டிப் பார்க்காத மராத்வாடாவில், ஔரங்காபாத்தில் ஒரு கல்லூரி. அதுதான் பின்னர் மிலிந்த் கல்லூரி ஆயிற்று. மேலே சொன்ன வேலை விண்ணப்ப ஆய்வை நடத்திய தோரட் இளங்கலை படித்தது அங்கேதான். பின்னாளில் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராகவும் ஆனவர் அவர்.

1956 மார்ச் 18 அன்று ஆக்ராவில் பெருங்கூட்டம். அம்பேத்கருக்கு உடல்நிலை சரியில்லை. அந்தக் கூட்டத்தில் அவர் பேசியதில் இன்றும் படித்தவர்களுக்கு நெஞ்சில் தைக்கும் ஒன்று உண்டு. படித்து வேலைக்குப் போனவர்கள் சமூகத்துக்கு உழைப்பார்கள் என்று நம்பினேன், அவர்கள் தங்கள் வயிற்றை நிரப்பிக்கொள்வதிலேயே இருக்கிறார்கள், என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் மனம் உடைந்து சொன்னார். கிராமத்தில் நிலமில்லாமல் அடிமைப்பட்டுக் கிடக்கும் மக்களைப் பற்றியும், அவர்களுக்கு இன்னும் எதுவும் செய்து முடிக்கவில்லையே என்றும் அதே மேடையில் கவலைப்பட்டார். டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். அவர் வாதாடிப் பெற்ற 1943 ஆணை வந்து அப்போது பதின்மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதன் வழியே முதன்முதலாக அரசுச் சம்பளம் வாங்கியவர்களுக்கு இன்னும் நடுவயதுகூட ஆகவில்லை.